பாட்டுக்குப் பெயர், பதிவுக்கு எண்

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கல்கத்தா நகரில், கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியார் கூம்பு வடிவமான ஒரு பெரிய குழாயின் வாயருகே நின்று பாடினார். இலண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியார் அனுப்பியிருந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் அந்தப் பாட்டை மெழுகுத் தட்டிலே பதிந்துகொண்டார். மூன்று நிமிஷ அளவுக்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் அந்த அம்மையார் கடைசிச் சில விநாடிகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, தம் பெயர் இன்னதென்று ஆங்கிலத்தில் உரக்கக் கூறியே பாட்டை முடித்தார்.

இன்று அப்பதிவைக் கேட்போரிற் சிலர், அது ஒருவகைத் தற்பெருமை என்று கருதிப் புன்னகை செய்வதுண்டு. உண்மை வேறு. மெழுகுத் தட்டுக்கள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குப் போக வேண்டும். அங்கேதான் அவை இசைத்தட்டுக்களாக அச்சிடப்பட்டன. ஹானோவர்த் தொழிலாளருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கும் தட்டுக்களில் எது எவர் பாடியது என்று அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? ஆகவேதான் பாடியவரே பெயரைச் சொல்லி முடிக்கும் ஏற்பாடு. பாட்டு பாடியவரை விட்டுப் பிரிந்து நெடுந்தூரம் போகும்போது, அது இன்னாருடையது என்பதற்கு ஓர் அடையாளம் உடன்செல்ல வேண்டும் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

1908-இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியிலேயே அச்சிடும் ஆலை வந்துவிட்டது. பெயர் கூவும் வழக்கமும் மெல்ல மறைந்தது. ஆனால் மற்றோர் அடையாளம் நிலைத்து நின்றது. வீட்டில் பழைய இசைத்தட்டுக்களைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கட்டும். நடுவே ஒட்டிய காகிதச் சீட்டுக்கு அருகில், வரித்தடங்கள் முடிந்த வழவழப்பான இடத்தில், பொடி எழுத்தில் ஓர் எண் கீறப்பட்டிருக்கும். அது மூலப் பதிவின் எண். காகிதச் சீட்டில் அச்சிட்டிருக்கும் எண் வேறு. அது கடைக்காரருக்கும் விலைப்பட்டியலுக்கும் உரியது. அதே பதிவைச் சில ஆண்டுகளுக்குப் பின் வேறு சீட்டு ஒட்டி விற்றால் சீட்டின் எண் மாறும். கீறிய எண்ணோ பதிவை விட்டு அகலாது. பழந்தட்டுச் சேகரிப்போர் இருவர் சந்தித்தால் கீறிய எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. தட்டு போயிற்று, ஒலிநாடா போயிற்று, குறுந்தட்டும் ஏறக்குறையப் போயிற்று. இன்று பாட்டு என்பது கைபேசிக்குள் வந்து விழும் ஒரு கோப்பு. சீட்டு ஒட்டவும் இடமில்லை, எண் கீறவும் இடமில்லை. இந்த நிலையில் பழைய கீறல் எண்ணின் வேலையைச் செய்வதுதான் ஐ.எஸ்.ஆர்.சி. என்று வழங்கும் பன்னாட்டுத் தர ஒலிப்பதிவுக் குறியீடு. அதைப்பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. மாதுங்காவிலும், கரோல்பாகிலும், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்திலும் உள்ள நம் வீடுகளில் பாட்டுக் கற்காத குழந்தையைத் தேட வேண்டியிருக்கிறது. நவராத்திரிக் கொலுவில் பாடிய பெண், இன்று ஒரு சிறு ஒலிப்பதிவு நிலையத்தில் இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, நான்கு கீர்த்தனைகளைப் பதிந்து, உலகெங்கும் கேட்கும்படி வெளியிட்டு விடுகிறாள். பெற்றோருக்குப் பெருமை. ஆனால் அந்தப் பதிவு எந்தப் பெயரில், எந்த எண்ணில், யாருடைய கணக்கில் உலவுகிறது என்று கேட்டால் பத்து வீட்டில் ஒன்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை.

பெயரே போதாதா, எண் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெயர் படும் பாட்டை வெளி மாநிலத்தில் வாழும் நம்மைவிட யார் நன்கு அறிவார்கள்? லலிதா என்று தமிழில் எழுதினால் ஐயமே இல்லை. ஆங்கிலத்தில் நாம் ‘த’ ஒலிக்கு இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து எழுதுவோம். வடக்கேயுள்ள பள்ளி ஆசிரியர் ஓர் எழுத்தை வெட்டி விடுவார். தகப்பனார் பெயரின் முதலெழுத்து நமக்கு முன்னே வரும். இங்குள்ள படிவங்களோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். அதற்கு அஞ்சித் தகப்பனார் பெயரை முழுவதும் பின்னால் எழுதினால், சில படிவங்களில் மகளின் பெயர் மறைந்து தகப்பனாரே பாடகராகி விடுகிறார்! இவ்வாறு ஒரே பெண் மூன்று வெளியீடுகளில் மூன்று பேராக நிற்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். பாட்டின் பெயருக்கும் இதே கதிதான். வாதாபி கணபதிம் என்னும் ஹம்ஸத்வனிக் கீர்த்தனையைப் பாடாத வித்துவான் உண்டா, கற்காத மாணவி உண்டா? அந்தப் பெயரை இட்டுத் தேடினால் கடலில் கடுகைத் தேடுவது போலத்தான். எண் ஒன்றே எழுத்துக் கூட்டலுக்கும் பெயர் ஒற்றுமைக்கும் அஞ்சாதது.

இந்தக் குறியீட்டின் விதிகள் ஐ.எஸ்.ஓ. 3901 என்னும் பன்னாட்டுத் தரமாக 1986-இல் முதன்முதல் வெளியாயின. பின்னர் 2001-இலும் 2019-இலும் திருத்தம் பெற்றன. உலகளாவிய நிருவாகப் பொறுப்பு, இலண்டனில் தலைமையகம் கொண்ட ஐ.எப்.பி.ஐ. என்னும் ஒலிப்பதிவுத் தொழிலாளர் கூட்டமைப்பிடம் இருக்கிறது. ‘தொழிலாளர்’ என்றால் இங்கே கூலிக்கு உழைப்போர் அல்லர். பதிவுகளைத் தயாரித்து வெளியிடும் கம்பெனியார். நம் நாட்டில் இந்தப் பணியைச் செய்வது இந்தியன் மியூசிக் இண்டஸ்டிரி என்னும் சங்கம். இது புதிய அமைப்பன்று; 1936-இலேயே கல்கத்தாவில் இந்தியன் போனோகிராபிக் இண்டஸ்டிரி என்ற பெயரில் தோன்றியது.

குறியீட்டில் 12 இடங்கள் உண்டு. முதல் 2 இடங்களில் எழுத்துக்கள். நம் நாட்டில் வழங்கப்படுபவை ஆங்கிலத்து ‘ஐ’, ‘என்’ என்று தொடங்கும். அடுத்த 3 இடங்கள் எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கலாம். இந்த 5 இடங்களும் சேர்ந்து, எண் இடும் உரிமை பெற்றவர் இன்னார் என்று காட்டும் முன்னொட்டு. அதன் பின் 2 இடங்கள் ஆண்டைக் குறிக்கும். எஞ்சிய 5 இடங்கள் பதிவுக்குப் பதிவு மாறும் வரிசை எண். ஆகவே ஒரு முன்னொட்டைப் பெற்றவர் ஓர் ஆண்டில் 1,00,000 பதிவுகளுக்கு எண் இடலாம். நம் குடும்பங்களுக்கு அது ஏழு தலைமுறைக்குப் போதும்.

இந்த உறுப்புக்களைப் பற்றி இரண்டு மயக்கங்கள் உண்டு. ஆண்டு என்பது பாடிய ஆண்டோ வெளியிட்ட ஆண்டோ அன்று. எண்ணை இட்ட ஆண்டு. பாட்டியார் 1971-இல் பாடி நாடாவில் பதிந்ததற்கு 2024-இல் எண் இட்டால், 24 என்றுதான் இருக்கும். அதைக் கண்டு பாட்டியார் 2024-இல் பாடினார் என்று எவரேனும் எழுதிவிட்டால் குற்றம் எண்ணுடையதன்று. முதல் இரண்டு எழுத்துக்களும் அவ்வாறே. அவை பாடகரின் நாட்டையோ, பதிந்த ஊரையோ குறிப்பன அல்ல. முன்னொட்டு எங்கே வழங்கப்பட்டது என்பதற்கு மேல் அவற்றில் பொருள் தேடலாகாது. சேலத்தில் வாங்கிய மோட்டார் வண்டி, தமிழ்நாட்டுப் பலகையோடு பம்பாய்த் தெருவில் ஓடுவதில்லையா? பலகையைப் பார்த்து ஓட்டுபவர் சேலத்துக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வண்டி வெளி மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அந்த மாநிலத்து எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று மோட்டார் சட்டம் சொல்கிறது. அதற்காக நாம் அலைந்த அலைச்சல் நமக்கல்லவா தெரியும்? பதிவின் எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. உரிமையாளர் மாறினாலும், கம்பெனி விலை போனாலும், பதிவு எந்த நாட்டுக்குச் சென்றாலும், முதலில் இட்ட எண்ணே கடைசிவரை நிற்கும். நிற்கவும் வேண்டும், அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

அடுத்து நோக்க வேண்டியது, எண் எதற்கு என்பது. பாட்டுக்கா, பதிவுக்கா? பதிவுக்கே. முத்துசுவாமி தீட்சிதர் ஒரு கீர்த்தனையை ஒரு முறைதான் இயற்றினார். அதைப் பாடிப் பதிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள், அத்தனை எண்கள். ஒரே பாடகி இளமையில் ஒரு முறையும் முதுமையில் ஒரு முறையும் பாடிப் பதிந்தால் இரண்டு எண்கள். இயற்றப்பட்ட பாட்டுக்கென்றே ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்னும் வேறு குறியீடு உண்டு. அது இயற்றியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் கணக்குப் பார்க்க உதவுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அப்புறம் எதுவும் விளங்காது.

ஒரே பதிவை நாடாவிலும் குறுந்தட்டிலும் கைபேசியிலும் வெளியிட்டாலும் எண் ஒன்றே. அதையே பத்துப் பாட்டுள்ள தொகுப்பில் சேர்த்து மறுபடி வெளியிட்டாலும் எண் மாறாது. தொகுப்புக்குக் கடைச் சரக்கின் கோட்டுக் குறியீடு தனியாக உண்டு. அது பழைய காகிதச் சீட்டு எண்ணுக்கு நேர். ஆனால் நீண்ட ஆலாபனையைக் குறைத்து வானொலிக்கென்று சிறிய வடிவம் ஆக்கினால் அது வேறு பதிவு. வேறு எண் வேண்டும். குரலை நீக்கிப் பக்கவாத்தியம் மட்டும் வைத்தாலும் வேறு எண். பாடுவதைப் படம் பிடித்து வெளியிட்டால் படத்துக்கும் தனி எண். ஒலியின் உயரத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்தது மட்டுமாயின் பழைய எண்ணே போதும். சிதைந்த பழம்பதிவை நிபுணர் ஒருவர் நெடுநேரம் உழைத்து இரைச்சல் நீக்கிப் புதுப்பித்தால் புதிய எண் இடுவது முறை. எப்படியாயினும், ஒரு பதிவுக்கு இட்ட எண்ணை இன்னொன்றுக்கு மீண்டும் இடுதல் கூடவே கூடாது. முதற்பதிவை விலக்கிக் கொண்டாலும் கூடாது.

எண்ணைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பதிவின் உரிமையாளர் தாமே இந்தியன் மியூசிக் இண்டஸ்டிரிக்கு விண்ணப்பித்து, 5 இடங்கொண்ட முன்னொட்டைத் தம் பெயரில் பெற்றுக்கொள்ளலாம். அதன் பின் ஒவ்வொரு பாட்டுக்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆண்டையும் வரிசை எண்ணையும் தாமே இட்டுக்கொண்டு போகலாம். முன்னொட்டு என்பது ஒரு முத்திரைக் கட்டை போன்றது. அதைக் கொண்டு முறையாக எண் இட்டு, எதற்கு எந்த எண் என்று பதிந்து வைப்பது அவர் பொறுப்பு. ஆண்டுதோறும் பாட்டுப் பதியும் ஆசிரியர், தம் மாணவியரின் பாட்டுக்களை வெளியிடும் இசைப்பள்ளி, விழாக் கச்சேரிகளைப் பதிந்து வைத்துள்ள சபை ஆகியோருக்கு இந்த வழியே சிறந்தது என்பது என் துணிபு.

மற்றொரு வழி, பாட்டுக்களை உலகெங்கும் உள்ள கேட்புச் சேவைகளுக்கு அனுப்பித் தரும் விநியோகக் கம்பெனியிடமே எண்ணையும் வாங்கிக்கொள்வது. அவர்கள் தங்கள் முன்னொட்டில் எண் இட்டுத் தருவார்கள். நான்கு பாட்டு வெளியிடும் பெண்ணுக்கு இது போதும், குறையொன்றும் இல்லை. கம்பெனியின் முன்னொட்டில் இருப்பதாலேயே பதிவு அவர்களுடையதாகி விடாது. ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலோர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அது கணக்குப் பக்கத்தின் ஒரு மூலையில் கிடக்கும்.

எனக்குத் தெரிந்த தில்லிக் குடும்பம் ஒன்றில் பாட்டியாருக்கு நலங்குப் பாட்டுக்களும் ஊஞ்சற் பாட்டுக்களும் நிறையத் தெரியும். திருமணத்துக்குத் திருமணம் அழைப்பு வரும். பேரன் அவரைப் பாடச் செய்து 11 பாட்டுக்களைப் பதிந்து, ஒரு விநியோகக் கம்பெனியின் வழியே வெளியிட்டான். பாட்டியார் மறைந்த மறு ஆண்டு, சந்தாத் தொகை மிகுதி என்று அந்தக் கம்பெனியை விட்டு வேறொன்றுக்கு மாறினான். புதிய படிவத்தில், முன்பு இட்ட எண் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவன் வெறுமையாக விட்டுவிட்டான். புதிய கம்பெனி 11 புதிய எண்களை இட்டது. பழைய எண்ணில் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கேட்புக் கணக்கு அங்கேயே நின்றது. சில மாதங்களில் பழைய வெளியீடு விலக்கப்பட்டதும், உறவினர் பலர் சேமித்து வைத்திருந்த இணைப்புக்கள் எல்லாம் செத்தன. பாட்டியார் குரலை மறுபடி கேட்க விரும்பிய சென்னை உறவினர், பாட்டே போய்விட்டது என்று எண்ணி அழுதாராம். பாட்டு போகவில்லை, வேறு எண்ணில், பாட்டியார் பெயரின் வேறொரு எழுத்துக் கூட்டலில், நான்கடி தள்ளி இருந்தது.

கட்டத்தில் பழைய எண்ணை எழுதியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. கம்பெனி மாறும்போது பழைய எண்களைக் குறித்துக்கொண்டு, புதிய இடத்தில் அவற்றையே கொடுக்க வேண்டும். அதுவே பதிவு என்று சேவைகள் இனம் கண்டுகொள்வதற்கு எண் முதன்மையான சான்று. பழைய வெளியீட்டை விலக்குமுன் புதியது வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பதிவுகளால் பெருஞ்செல்வம் வருமென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டு ஒரு முறை கேட்கப்பட்டால் வருவது காசுக் கணக்குத்தான். எனினும் அந்தக் காசு யாருக்குச் சேர வேண்டும் என்பதை நிறுவும் கணக்கு எண்ணைப் பின்பற்றியே ஓடுகிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994-இல் பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் நிகழ்த்துநர் உரிமை என ஒன்றைத் தந்தது. 2012-இல் செய்த திருத்தம், அவர்களுடைய நிகழ்ச்சி வணிக நோக்கில் பயன்படும்போது பங்குத்தொகை பெறவும் வழி செய்தது. பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசித்தவரும் மிருதங்கம் வாசித்தவரும் இதில் அடங்குவர். ஆனால் குறியீட்டுடன் பன்னாட்டுப் பட்டியலில் சேர்வன பதிவின் தலைப்பு, முதன்மைக் கலைஞர் பெயர், வடிவம், கால அளவு, வெளியான ஆண்டு முதலிய சில குறிப்புக்களே. மிருதங்கம் வாசித்தவர் பெயருக்கு அங்கே இடம் உறுதியில்லை. கச்சேரி மேடையில் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்தும் நாம், பதிவில் அவரைப் பெயரில்லாதவராக்கி விடுவது முறையன்று. விநியோகப் படிவத்தில் பக்கவாத்தியக்காரர்க்கு இடம் உண்டு; அதை நிரப்புவதற்குச் சோம்பலாகாது.

இனி, எண் செய்யாத காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண் என்பது பட்டா அன்று. அதைப் பெற்றுவிட்டதால் பதிவு தமக்கு உரியது என்று எவரும் வழக்காட முடியாது; பிறர் எடுத்தாள்வதை அது தடுக்கவும் செய்யாது. பிறர் பதிவுக்கு ஒருவர் பொய்யாகத் தம் எண்ணை ஒட்டிவிட்டால், ஒட்டியவர் உரிமையாளர் ஆகார். ஆளுக்குப் பெயர் சூட்டினால் வீடு அவர் பேருக்கு எழுதப்பட்டதாகாது அல்லவா?

உரிமை எங்கிருந்து வருகிறது? பாரதியார் பாடல்களை எண்ணிப் பார்க்கலாம். அவற்றை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் ஒலி உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விலை ஏதும் பெறாமல் அரசாங்கத்துக்கு விட்டுக் கொடுத்தார். 1949-இல் பாரதியார் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆயின. ஆகவே இன்று நம் குழந்தை பாரதியார் பாட்டைப் பாடிப் பதிய எவரிடமும் அநுமதி கேட்க வேண்டியதில்லை. தீட்சிதர், தியாகராஜர், சியாமா சாஸ்திரியார் ஆகிய மும்மூர்த்திகளின் பாட்டுக்களுக்கும் இல்லை. ஆனால் பாடல் பொதுவாயினும், இன்னொருவர் அதற்கு அமைத்த புதிய மெட்டு பொதுவாகிவிடாது. இயற்றியவர் மறைந்த ஆண்டு கழிந்து 60 ஆண்டுகள் ஆகாதவரை அவர் இயற்றியது அவர் வாரிசுகளுக்கோ, அவர் எழுதிக் கொடுத்தவர்க்கோ உரியது. திரைப்பாட்டு எதையும் மறுபடி பாடி வெளியிடுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விலைக்கு வாங்கிய பக்கவாத்தியத் தடத்தின்மேல் குழந்தை பாடிய பாட்டு, இரண்டு பேர் பதிவு கலந்தது. வீட்டில் பாடுவதற்கு விற்ற தடத்தை உலகுக்கு வெளியிட அவர்கள் உரிமை கொடுத்தார்களா என்று கேட்டுத் தெளிய வேண்டும். எண்ணை எவரும் கொடுத்து விடுவார்கள். பின்னால் வரும் முறையீட்டுக் கடிதத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் நாம்.

ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு. பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளியான இசைத்தட்டின் பதிவுரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. அதிலுள்ள பாட்டின் உரிமை தீர்ந்ததா என்பது தனிக் கேள்வி. இயற்றியவர் காலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நம் வீடுகளின் பரண்களில் கிடக்கும் நாடாச் சுருள்கள் வேறொரு புதையல். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டிலிருந்து வித்துவான்கள் வந்து, விடுதி வசதியும் இல்லாத நாளில் நம்மவர் வீட்டிலேயே தங்கி, கூடத்தில் பாடியவற்றை நம் பெரியவர்கள் பதிந்து வைத்தார்கள். எவரோ ஒரு சிலரிடம் மட்டுமே நாடாப் பெட்டி இருந்த காலம் அது. அந்தச் சுருள்கள் இப்போது பூஞ்சை பிடித்து வருகின்றன. அவற்றை உடனே கோப்பாக மாற்றிக் காப்பது கடமை. ஆனால் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. நாடா நம்முடையது என்பதால் பாடிய குரலும் நம்முடையதாகி விடாது. வித்துவானின் குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து, எழுத்தில் இசைவு பெற்று, அதன் பிறகே எண் இட்டு வெளியிட வேண்டும். வானொலியிலிருந்து பதிந்தவை என்றால் அவை வானொலி நிலையத்துக்கு உரியவை. வீட்டில் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். வித்துவான் குடும்பத்தாரிடம் போகும்போது அந்தச் சுருளின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. தகப்பனாரின் நடுவயதுக் குரலைத் தாங்களே கேட்டறியாத பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்.

எண் பெற்ற பின் செய்ய வேண்டியது சிறிது உண்டு. கோப்புக்குள்ளேயே எண்ணைப் பொதிந்து வைக்க இயலும். ஒலிப்பதிவு நிலையத்தாரிடம் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும்போது பொதிந்த எண் உதிர்ந்து போவதுண்டு. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்கலாகாது. ஐ.எப்.பி.ஐ. நடத்தும் இணையத் தேடு பக்கத்தில் எண்ணையோ பெயரையோ இட்டு, தம் பதிவு எவ்வாறு பட்டியலில் ஏறியிருக்கிறது என்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே பிழை கண்டால் எண்ணை இட்டவரிடம், அதாவது விநியோகக் கம்பெனியிடம், சொல்லித் திருத்த வேண்டும். எழுத்துப் பிழைக்காகப் புதிய எண் வாங்குவது மட்டும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பால் கணக்கு எழுதும் நோட்டைப் போல் ஒரு நோட்டு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கம். 12 இடத்துக் குறியீடு, பாட்டின் பெயர், இயற்றியவர், ராகம், தாளம், பாடிய தேதி, பதிந்த இடம், எத்தனை நிமிஷம் எத்தனை விநாடி, எந்தக் கம்பெனியின் வழியே என்றைக்கு வெளியாயிற்று, பக்கவாத்தியம் யார் யார் என்பன அதில் இருக்க வேண்டும். குறியீட்டைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்து ‘ஓ’ எழுத்தையும் சுழியையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். இடையிலே இடும் சிறு கோடுகள் படிப்பதற்கு வசதியே ஒழியக் குறியீட்டின் பகுதி அல்ல. படிவத்தில் அவை இல்லாமலே எழுதலாம். பதிவு முடிந்து காப்பி குடிக்கும் வேளையில் நோட்டை மிருதங்கக்காரரிடம் நீட்டி, அவர் பெயரை அவர் எழுதுகிற எழுத்துக் கூட்டலிலேயே அவர் கையால் எழுதி வாங்கிக் கொள்ளலாம்.